இறக்குமதியான ஜப்பானியக் கார்களைப் பற்றிச் சரியான கேள்விகளைக் கேளுங்கள்: பிரித்தானிய வாகனக் காப்புறுதி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

உங்கள் விண்ணப்பப் படிவங்களில் ஒரு கேள்வி தவறாமல் இடம்பெறுகிறது: இந்த வாகனம் தயாரிப்பாளர் விற்ற நிலையிலிருந்து எவ்வகையிலேனும் மாற்றப்பட்டிருக்கிறதா? ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கெனத் தயாரிக்கப்பட்டு, பல ஆண்டுகள் அங்கே ஓடியபின் பிரித்தானியாவுக்கு வந்துசேர்ந்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் உரிமையாளர் இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று உண்மையாகப் பதில் சொல்லவே முடியாது. முதல் மாற்றங்களைச் செய்யச் சொல்வது இந்த நாட்டின் விதிகளே. கிலோமீற்றரில் காட்டும் வேகமானியை மைலுக்கு மாற்றவேண்டும். பின்புறத்தில் மூடுபனி விளக்கு பொருத்தவேண்டும். ஜப்பானில் அது கட்டாயமாக இருந்ததில்லை என்பதால் பெரும்பாலான பழைய கார்களில் அந்த விளக்கே இருக்காது. வானொலிகூட அப்படியே பயன்படுவதில்லை. அந்தக் காலத்து ஜப்பானியக் கார் வானொலி 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே பிடிக்கும்; இங்கோ பண்பலை நிலையங்கள் 88இல் தொடங்கி 108 வரை விரிந்து கிடக்கின்றன. ஆக, ஒரு காரை இந்த நாட்டுச் சாலையில் ஓடத் தகுதியாக்கும் வேலையே உங்கள் படிவத்தில் அதை 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' ஆக்கிவிடுகிறது.

நான் இலண்டனில் வாழும் தமிழன். 1990களின் தொடக்கத்தில் தயாரான நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32 ஒன்றின் உரிமையாளன். ஸ்கைலைன், டொயோட்டா சுப்ரா, மஸ்டா ஆர்எக்ஸ்-7, சுபாரு இம்ப்ரெசா, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் போன்ற கார்களின்மீது ஆசைகொண்டு, உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கி வைத்திருக்கும் இளைஞர்கள் எங்கள் சமூகத்திலும் இருக்கிறார்கள். அவர்களும், ஒப்பந்தப் பத்திரத்தில் அவர்களுக்காகக் கையெழுத்திடும் பெற்றோரும் வாசிக்கவேண்டும் என்பதற்காகவே இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான். இந்தக் கார்களைப் பற்றிச் சரியான கேள்விகளைக் கேளுங்கள். உண்மையைச் சொல்பவர் அதற்காகத் தண்டனை பெறாதவாறு அந்தப் பதில்களை எடைபோடுங்கள்.

கேள்வி கேட்கும் பொறுப்பு உங்களுடையது என்பதை நான் புதிதாகச் சொல்லவில்லை. நுகர்வோர் காப்புறுதி தொடர்பான 2012ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தெளிவாக்கிவிட்டது. தனிநபர் ஒருவர், கேட்கப்படாத ஒன்றைத் தானாக எண்ணிப் பார்த்துச் சொல்லவேண்டும் என்ற பழைய கடமை நீங்கி, கேட்கப்பட்டதற்குத் தவறான தகவல் தராமலிருக்க நியாயமான கவனம் செலுத்தினால் போதும் என்ற நிலை வந்தது. வேண்டுமென்றே பொய் சொன்னவரின் ஒப்பந்தத்தை நீங்கள் இரத்துச் செய்யலாம். கவனக்குறைவால் தவறியவர் கூடுதல் கட்டணம் செலுத்தியிருக்கவேண்டும் என்றால், அந்த விகிதத்தில் இழப்பீட்டைக் குறைக்கலாம். அதாவது ஆயிரம் பவுண்டு கட்டியிருக்க வேண்டியவர் அறுநூறு கட்டியிருந்தால், இழப்பில் அறுபது சதவீதம் மட்டுமே அவருக்குக் கிடைக்கும். இது நியாயமான சட்டம். ஆனால் அந்த நியாயம் முழுவதும், நீங்கள் கேட்கும் கேள்வி தெளிவாக இருப்பதில்தான் தங்கியிருக்கிறது.

முதல் சிக்கல் காரின் அடையாளத்திலேயே தொடங்குகிறது. ஐரோப்பியக் கார்களுக்கு உள்ள 17 எழுத்து அடையாள எண் ஜப்பானின் உள்நாட்டுக் கார்களுக்கு இல்லை. என் காரின் எண் 'பிஎன்ஆர்32' என்று தொடங்கி, ஒரு சிறு கோட்டுக்குப் பின் ஆறு இலக்கங்களோடு முடிந்துவிடுகிறது. என்ஜின் அறையின் பின்சுவரில் அது அச்சிடப்பட்டிருக்கிறது. 17 இடங்கள் நிரம்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாத படிவங்களை நான் பார்த்திருக்கிறேன். பதிவுப் பத்திரத்தில் மாதிரியின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறுமனே 'இறக்குமதி' என்று மட்டும் குறிக்கப்பட்ட கார்களும் உண்டு. நீங்கள் நீண்டகாலம் பயன்படுத்திவந்த 1 முதல் 50 வரையான காப்புறுதித் தரவரிசை இந்த நாட்டில் அதிகாரபூர்வமாக விற்கப்பட்ட மாதிரிகளை வைத்து உருவானது என்பதால், எங்கள் கார்களுக்கு அதில் இடமில்லை. இடமில்லாத காரைப் பெயரில் ஒத்துவரும் இன்னொரு மாதிரிக்குள் திணிப்பதால், டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத பின்சக்கர இயக்க ஸ்கைலைனும் நான்கு சக்கர இயக்க ஜிடி-ஆரும் ஒரே காராகக் கருதப்படும் அபத்தம் நேர்கிறது. மாதிரிக் குறியீட்டைக் கொண்டே காரை இனங்காணும் ஓர் அட்டவணையை உருவாக்குவது உங்களுக்குப் பெரிய காரியமாக இருக்காது. ஆர்32 முதல் ஆர்34 வரை ஜிடி-ஆர் கார்களுக்குக் குறியீடுகள் மூன்றுதான்: பிஎன்ஆர்32, பிசிஎன்ஆர்33, பிஎன்ஆர்34.

அடுத்தது மாற்றங்கள், இங்கேதான் நான் சற்று விரிவாகப் பேசவேண்டியிருக்கிறது. உங்கள் படிவம் என்ஜினில் மாற்றம் உண்டா என்று கேட்டு, 'ஆம்', 'இல்லை' என்று இரண்டே பெட்டிகளைத் தருகிறது. ஆர்32 ஜிடி-ஆரின் ஆர்பி26டிஇடிடி என்ஜினை எடுத்துக்கொள்வோம்: 2568 கன சென்ரிமீற்றர், ஆறு சிலிண்டர்கள், இரண்டு டர்போக்கள். அதன் இயல்பை அறிந்த எந்தக் கராஜ்காரரும் இரண்டு பலவீனங்களை முதலில் சொல்வார். தொடக்ககால ஆர்32 என்ஜின்களில் ஒயில் பம்பை இயக்கும் கிராங்க் தண்டின் பகுதி குறுகலானது. பம்பின் பற்சக்கரம் அதைப் போதிய அகலத்துக்குப் பற்றிக்கொள்வதில்லை. அதிக சுழற்சியில் அந்தப் பற்சக்கரம் வெடித்தால் ஒயில் அழுத்தம் விழுந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் என்ஜினே போய்விடும். இரண்டாவது பலவீனம் டர்போவின் வெளியேற்றுப் பக்கச் சக்கரம். விரைவாகச் சுழலவேண்டும் என்பதற்காக அதைச் செராமிக்கில் செய்தார்கள். முப்பது வயதான செராமிக் சக்கரம் டர்போ அழுத்தமும் வெப்பமும் கூடும்போது தண்டிலிருந்து கழன்று நொறுங்கக்கூடும். ஆகவே பொறுப்புள்ள உரிமையாளர் கிராங்க் தண்டில் அகலமான வளையம் பொருத்தி, வலுவான ஒயில் பம்ப் போட்டு, உருக்குச் சக்கரம் கொண்ட டர்போக்களை மாட்டி, டர்போ அழுத்தத்தை மட்டும் பழைய அளவிலேயே விட்டுவைக்கிறார். இதனால் கார் முன்னைவிட வேகமாக ஓடப்போவதில்லை. நெடுஞ்சாலையின் நடுப்பாதையில் என்ஜின் பூட்டிக்கொண்டு நிற்கும் ஆபத்து மட்டும் குறைகிறது.

இந்த வேலைகளை நான் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்குத் தொலைபேசியில் விளக்கியபோது, மறுமுனையில் பேசியவர் பொறுமையாகவும் மரியாதையாகவும் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் திரையில் இருந்த பட்டியலில் 'டர்போ மாற்றம்' என்ற ஒரே பெட்டிதான் இருந்தது. அழுத்தத்தை இரட்டிப்பாக்கி 500 குதிரைவலுவுக்குக் கொண்டுபோனவருக்கும் அதே பெட்டிதான், எனக்கும் அதே பெட்டிதான். என் ஒயில் பம்ப் எந்தப் பெட்டியிலும் பொருந்தாததால், 'வேறு என்ஜின் மாற்றம்' என்று பதிவாகிக் கட்டணம் மேலும் ஏறியது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர் கையில் கொடுக்கப்பட்ட பட்டியல்தான் திருத்தப்படவேண்டும்.

பிரேக், டயர், சஸ்பென்ஷன் ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். 1993இல் வந்த வி-ஸ்பெக் வகையில் நிசான் நிறுவனமே பிரெம்போ பிரேக்குகளையும் 17 அங்குலச் சக்கரங்களையும் பொருத்தி விற்றது. சாதாரண ஆர்32இன் உரிமையாளர் அதற்கு இணையான பிரேக்குகளைப் போட்டுக்கொண்டால் அது 'செயல்திறன் மாற்றம்' என்று கணக்கிடப்படுகிறது. தூரத்தைக் குறைத்து நிறுத்தும் ஒரு பொருளுக்கு ஏன் கூடுதல் கட்டணம் என்று நான் கேட்டால், நல்ல பிரேக் போடுபவன் வேகமாக ஓட்டுபவனாக இருப்பான் என்ற ஊகம் பதிலாக வருகிறது. அந்த ஊகத்துக்கு ஆதாரம் உங்களிடம் இருந்தால், இந்த வகைக் கார்களுக்கென்று அதைத் தனியே பிரித்து வெளியிடுங்கள். படித்து ஏற்றுக்கொள்ள நாங்கள் தயாராக இருக்கிறோம். முப்பது ஆண்டுப் பழைய அதிர்வுத் தாங்கிகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போடுவது, இங்கே குளிர்காலத்தில் சாலைகளில் தூவும் உப்பிலிருந்து அடித்தளத்தைக் காக்கத் துருத்தடுப்பு மெழுகு பூசுவது போன்றவற்றைப் பராமரிப்பு என்றே கொள்ளவேண்டும். உப்புத் தூவாத ஊர்களில் ஓடிய ஜப்பானியக் காருக்கு அந்தப் பூச்சு தொழிற்சாலையிலிருந்து போதிய அளவில் வருவதில்லை; பூசாமல் சில குளிர்காலங்கள் ஓட்டினால் கதவுக்குக் கீழுள்ள அடிச்சட்டமும் சக்கர வளைவும் அரித்துப்போகும்.

சக்தியைக் கூட்டியவரிடம் அதற்குரிய விலையை நீங்கள் வாங்குவதில் எனக்கு மறுப்பே இல்லை. ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2004 வரை எந்தக் காருக்கும் 280 குதிரைவலுவுக்கு மேல் விளம்பரப்படுத்தவில்லை என்பதும், ஆர்பி26 போன்ற ஓர் என்ஜின் அந்த எண்ணை எளிதில் தாண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். மணிக்கு 180 கிலோமீற்றரில் காரைத் தடுத்து நிறுத்தும் கட்டுப்பாடு நீக்கப்பட்டிருக்கிறதா, அழுத்தம் எவ்வளவு, சக்கரத்தில் அளந்த சக்தி எவ்வளவு என்று கேளுங்கள். டைனோ இயந்திரத்தில் அளந்த தாளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அப்படி அளந்து பார்த்து விலை போட்டால், அடக்கமாக ஓட்டுபவர் அடக்கமில்லாதவரின் செலவைச் சுமக்க நேராது.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கொண்டிருக்கும் அச்சம் முற்றிலும் நியாயமானது. உரிய சாவி இல்லாமல் என்ஜின் இயங்காதபடி தடுக்கும் இம்மொபிலைசர் இந்த நாட்டில் புதிய கார்களுக்குக் கட்டாயமானது 1998 அக்டோபரில்தான். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் விற்ற ஜிடி-ஆருக்கு ஓர் உலோகச் சாவியும் ஸ்டியரிங் பூட்டும் மட்டுமே காவல். சாவிக்குள் எந்தச் சிப்பும் இல்லை. இன்று அந்தக் காரின் என்ஜினும் கியர்பெட்டியும் சக்கரங்களும் தனித்தனியே பெருந்தொகைக்குப் போகும். அமெரிக்காவில் 25 ஆண்டு கடந்த கார்களைத் தடையின்றி இறக்குமதி செய்யலாம் என்ற விதியின்படி 2014 முதல் ஆர்32 ஜிடி-ஆர்களும் 2024 முதல் ஆர்34களும் அங்கே போகத் தொடங்கியபின் உலகெங்கும் விலை ஏறியது; விலை ஏறிய இடத்தில் திருடனின் கண்ணும் விழும். ஆகவே இம்மொபிலைசர் வேண்டும், கார் இருக்கும் இடத்தைக் காட்டும் டிராக்கர் வேண்டும் என்று நீங்கள் கேட்பதை நான் எதிர்க்கவில்லை. நீங்கள் கேட்காவிட்டாலும் நான் போட்டிருப்பேன்.

ஆனால் நீங்கள் கேட்கும் முறை இந்தக் கார்களுக்குப் பொருந்துவதில்லை. அண்மைக்காலமாகப் பல நிறுவனங்கள் பரிந்துரைக்கும் இம்மொபிலைசர்கள் காரின் கணினிகளை இணைக்கும் கேன் பஸ் என்ற தகவல் வலையமைப்பின் வழியே இயங்குபவை. ஆர்32இல் அந்த வலையமைப்பே கிடையாது. ஆகவே அந்தக் கருவியை அதில் பொருத்த இயலாது. வாகனப் பாதுகாப்புக் கருவிகளைத் தரப்படுத்தும் தாட்சம் ஆய்வு மையத்தின் முதல் வகை அலாரம் ஏற்கெனவே காரில் இருந்தாலும், அதைப் பல ஆண்டுகளுக்கு முன் பொருத்தியவரின் கடை மூடப்பட்டு, சான்றிதழ் முந்தைய உரிமையாளரிடமே தொலைந்துபோயிருந்தால், வேலைசெய்யும் அலாரம் உங்கள் கணக்கில் இல்லாத அலாரமாகிவிடுகிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போடச் சொல்வதைவிட, தகுதிபெற்ற ஒரு பொருத்துநர் வந்து சோதித்துக் கையொப்பமிட்டால் ஏற்றுக்கொள்வோம் என்று சொல்லலாமே. முப்பது ஆண்டுப் பழைய வயரிங்கை மீண்டும் மீண்டும் வெட்டி ஒட்டுவதே தீப்பிடிப்பதற்கும் நடுவழியில் கார் நின்றுபோவதற்கும் வழிவகுக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

டிராக்கரிலும் இப்படியொரு நுணுக்கம் உண்டு. 2019இல் தாட்சம் அறிமுகப்படுத்திய எஸ்5 தரத்து டிராக்கர், ஓட்டுநர் வைத்திருக்கும் அடையாளக் குறிச்சில்லு காரில் இல்லாதபோது வண்டி நகர்ந்தால் கண்காணிப்பு மையத்துக்கு எச்சரிக்கை அனுப்பும், நல்ல கருவி. ஆனால் இந்தக் கார்கள் அன்றாடம் ஓடுபவை அல்ல. 2023 ஆகஸ்டில் இலண்டன் முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட மாசுக் கட்டுப்பாட்டு வலயத்தில் ஆர்32ஐ வெளியே எடுக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு செலுத்தவேண்டும் என்பதால், அது வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும். அப்படி நிற்கும் காரின் மின்கலத்தை டிராக்கர் மெல்ல உறிஞ்சித் தீர்த்துவிடும். மின்கலம் செத்தபின் டிராக்கரின் உள் மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை யாரும் உரிமையாளரிடம் சொல்வதில்லை. இதற்காகத்தான் எங்களில் பலர் மின்கலத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும் சார்ஜரை மாட்டிவைக்கிறோம், எரிபொருள் பம்புக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் மறைவான சுவிட்ச் வைக்கிறோம், தரையில் பதித்த கொக்கியில் சக்கரத்தைப் பூட்டுகிறோம், 'சோல்ட் செக்யூர்' சான்றுபெற்ற ஸ்டியரிங் பூட்டுப் போடுகிறோம். இவற்றில் எதற்கும் உங்கள் படிவத்தில் இடமில்லை. பழைய காரைத் திருடுபவர் அதை ஓட்டிக்கொண்டு போவதைவிட இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதே எளிது என்பதால், தரைக் கொக்கியும் சக்கரப் பூட்டும் சில வேளைகளில் இம்மொபிலைசரைவிடப் பெரிய தடையாகின்றன. படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது மீண்டும் கேளுங்கள், அதற்கேற்பக் கட்டணத்தைக் குறையுங்கள்.

மதிப்பீடு இன்னொரு பெரிய குறை. பழைய கார்களின் சந்தை விலையைக் காட்டும் வணிக வழிகாட்டிகளில் எங்கள் கார்களுக்குத் தனி வரி இல்லை, இருந்தாலும் அது இந்த நாட்டுப் பதிப்பின் விலை. வழிகாட்டியில் விலை தாழ்ந்திருந்தால் ஒரு முன் மட்கார்டும் முகப்பு விளக்கும் உடைந்த விபத்தில்கூடக் காரை முழு இழப்பு என்று முடிவுசெய்துவிடலாம். அதன்பின் பதிவில் 'எஸ்' (சட்டகம் சேதமடைந்தது) அல்லது 'என்' (சட்டகம் சேதமடையாதது) என்ற முத்திரை விழுந்து, நன்றாகவே திருத்தக்கூடிய ஒரு கார் வாழ்நாள் முழுவதும் மதிப்பிழந்து நிற்கும். நிசான் 2017 முதல் ஆர்32க்கான உதிரிப்பாகங்களை மீண்டும் தயாரித்து விற்கிறது. டொயோட்டாவும் சுப்ராவுக்கு அவ்வாறே செய்கிறது. பாகம் கிடைக்காது என்ற பழைய சாக்கு இனிப் பொருந்தாது.

இருதரப்பும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட மதிப்பில் காப்புறுதி வழங்குவதே இதற்குத் தீர்வு. சில சிறப்புத் தரகர்கள் அதைச் செய்கிறார்கள். அவர்கள் மனிதரோடு மனிதராகப் பேசிக் காரின் வரலாற்றைக் கேட்கிறார்கள், அதற்காக நன்றி. பெரிய நிறுவனங்களும் அதைச் செய்ய எங்களிடம் ஆவணங்கள் இருக்கின்றன. ஜப்பானிய ஏல மையத்தின் பரிசோதகர் எழுதிய தாளில் காரின் வரைபடம் ஒன்று இருக்கும். ஒவ்வொரு கீறலும் நெளிவும் அதில் குறியிடப்பட்டிருக்கும். என் காரின் தாளில் இடப்பக்க முன் மட்கார்டின்மேல் 'ஏ2', அதாவது கீறல். கதவின்மேல் 'டபிள்யூ1', அதாவது திருத்திப் பூசிய தடம். சட்டகம் அடிபட்டுத் திருத்தப்பட்ட காராக இருந்தால் தரமதிப்பின் இடத்தில் 'ஆர்' என்று இருக்கும். ஓடிய தூரமும் அதே தாளில் உண்டு. விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாமவர் எழுதிய இவ்வளவு நுணுக்கமான சாட்சி இந்த நாட்டில் வாங்கப்படும் பழைய கார்களுக்குக்கூட அரிதாகவே கிடைக்கிறது. அந்தத் தாளையும் சுங்க ஆவணங்களையும் ஆண்டுச் சோதனைச் சான்றிதழ்களையும் பெற்றுக்கொண்டு மதிப்பை நிர்ணயியுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, உண்மை சொன்னால் விலை ஏறும் என்று கற்றுக்கொண்டுவிட்ட இளைஞர்களின் நிலை. விலை ஒப்பீட்டுத் தளத்தில் மாற்றங்களை ஒவ்வொன்றாகக் குறித்துப் பார்த்து, தொகை எகிறியதும் எல்லாக் குறிகளையும் நீக்கிவிட்டு 'மாற்றம் இல்லை' என்று அனுப்புகிறவர்களை நான் அறிவேன். தந்தையை முதன்மை ஓட்டுநராகக் காட்டித் தாங்கள் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது மோசடி, பெற்றோரே, தயவுசெய்து அதற்குக் கையெழுத்திடாதீர்கள். விபத்து நேர்ந்தால் அடிபட்ட மூன்றாம் தரப்பினருக்கு நிறுவனம் சட்டப்படி பணம் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உங்கள் பிள்ளையிடமிருந்து அறவிட வரும். ஒருமுறை இரத்தான ஒப்பந்தம் பின்னால் வரும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அவனைத் தொடரும். ஆனால் நிறுவனத்தாரே, உங்களையும் கேட்கிறேன்: நல்ல பிரேக்கையும் பழுதடைந்த பம்புக்கு மாற்றாகப் போட்ட பம்பையும் சொன்னதற்காக ஒருவனைத் தண்டித்துவிட்டு, அடுத்தவன் சொல்லாமல் மறைத்தான் என்று வியப்பது எப்படி?

இன்றே செய்யக்கூடிய ஒன்றைக் கேட்டு முடிக்கிறேன். ஒப்பந்தக் காலத்தின் நடுவில் ஓர் உரிமையாளர் தொலைபேசியில் அழைத்து, டயரை மாற்றினேன், டிராக்கர் போட்டேன், பிரேக்கைப் புதுப்பித்தேன் என்று தெரிவித்தால், அந்தத் தகவலைப் பதிவுசெய்வதற்கென்றே பல நிறுவனங்கள் நிர்வாகக் கட்டணம் வசூலிக்கின்றன. பாதுகாப்பைக் கூட்டும் மாற்றங்களைத் தெரிவிப்பதற்கான அந்தக் கட்டணத்தை நீக்குங்கள். தெரிவித்தமைக்கான எழுத்துமூல ஒப்புதலை அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஸ்கைலைன் ஜிடி-ஆர் உரிமையாளர் ஒருவர்,
இலண்டன்